வினாவும் விடையும்: கோவை கண்ட இலக்கியக் கூடல்கள்

இஸ்லாத்திற்கு முந்திய அரபு நாட்டில், தாயிஃப் நகருக்கு அருகே உக்காழ் என்னும் சந்தை ஆண்டுதோறும் கூடியது. தோலும் நறுமணப் பொருள்களும் பேரீச்சையும் விலைபோன அச்சந்தையில் கவிதையும் அரங்கேறியது. புலவர் நாபிகாவுக்குச் செந்நிறத் தோற்கூடாரம் ஒன்று எழுப்பப்படும். பல கோத்திரங்களிலிருந்தும் வந்த கவிஞர்கள் அவர்முன் பாடிவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருப்பர் என்று அரபு இலக்கிய வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். கன்ஸா என்னும் பெண்பாற் புலவரும், பின்னாளில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் கவிஞராகப் புகழெய்திய ஹஸ்ஸான் இப்னு தாபித்தும் அங்குப் பாடியோராகக் குறிக்கப்படுகின்றனர்.

அச்சந்தை கூடிய காலம் நம் கவனத்திற்குரியது. போர் விலக்கப்பட்ட புனித மாதத்திலேயே உக்காழ் கூடியது. தலைமுறை தலைமுறையாகக் குருதிப் பகை கொண்டிருந்த கோத்திரத்தாரும் வாளை உறையிலிட்டுவிட்டு ஒரே கூடாரத்தின் முன் அமர்ந்து, மாற்றார் கவிதையைச் செவிமடுத்தனர். இலக்கியக் கூடல் ஒன்று பண்பாடுகளை உரையாட வைத்ததா என்று அறிவதற்கு இங்கிருந்தே ஓர் அளவுகோல் கிடைக்கிறது. வந்தவர்களின் தொகையும் பந்தலின் பரப்பும் அவ்வளவுகோலில் இடம்பெறா. அங்கே ஒருவர் சொல்லை மற்றவர் கேட்டாரா, கேட்டதன் பயன் எதிலே நிலைத்தது என்பனவே அதன் குறியீடுகள். அந்த அளவுகோலைக் கையிற்கொண்டு, கொங்கு நாட்டின் தலைநகராகிய கோவை கண்ட இலக்கியக் கூடல்களை இங்கு எண்ணிப்பார்ப்போம்.

கணவாயில் அமைந்த நாடு

மேற்குத் தொடர்ச்சி மலை ஓரிடத்தில் இடைவெளிவிட்டு நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய் எனப்படும் அவ்விடைவெளியே சேரநாட்டுக் கடற்கரையையும் காவிரிச் சமவெளியையும் இணைத்த பெருவழி. முசிறித் துறையில் இறங்கிய பொருள்கள் கொங்கின் வழியே கிழக்கு நோக்கிச் சென்றன. கொங்கின் மணிக்கற்கள் மேற்கு நோக்கிச் சென்றன. நொய்யலாற்றின் கரையில் அமைந்த கொடுமணலில் 1985 முதல் நடைபெற்ற அகழாய்வுகள் இரும்புத் தொழிலுக்கும் மணித் தொழிலுக்கும் சான்றுகளை வெளிக்கொணர்ந்தன. அங்குக் கிடைத்த தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளில் தமிழ்ப் பெயர்களோடு பிராகிருதப் பெயர்களும் காணப்படுகின்றன. அதே நொய்யலின் கரையில், இன்று கோவையை ஒட்டியுள்ள வெள்ளலூரில், உரோமானிய நாணயக் குவியல்கள் கிடைத்துள்ளன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பல மொழியினர் ஒரே ஊரில் தொழில் செய்து, ஒருவர் பொருளை மற்றவர் மதித்து வாங்கிய நிலம் இது.

அந்தப் பன்மை இன்றும் மறையவில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் உருதுவும் குஜராத்தியும் கோவைக் கடைவீதிகளில் ஒருங்கே ஒலிக்கின்றன. ஒப்பணக்காரத் தெருவின் அத்தர் ஜமாஅத் பள்ளிவாசல், கோனியம்மன் கோயில், புனித மைக்கேல் பேராலயம் ஆகிய மூன்றும் நடந்தே சென்று காணக்கூடிய அண்மையில் உள்ளன. தமிழ் வணிகர் நாவில் அன்றாடம் புழங்கும் வசூல், பாக்கி, ரசீது, ஜாமீன் முதலிய சொற்கள் அரபு, பாரசீக மொழிகளின் கொடை என்பதை அவற்றைப் பயன்படுத்துவோர் எண்ணிப்பார்ப்பதில்லை. ஏன், நம் சமுதாயத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ் பேசும் இராவுத்தரும், தக்கனி உருது பேசுவோரும், மலையாளம் பேசும் மாப்பிள்ளைமாரும் கோவையில் ஒரே இமாமின் பின்னே அணிவகுத்து நிற்கின்றனர். பண்பாட்டு உரையாடல் என்பது நம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடும் ஒன்று.

2010ஆம் ஆண்டின் பெருவிழா

இத்தகைய நகரில்தான் 2010 ஜூன் 23 முதல் 27 வரை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றது. அதன் முன்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவது தகும். 1964இல் புதுதில்லியில் கூடிய கீழைத்தேயவியல் அறிஞர் மாநாட்டின்போது, யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கத் துறவியாகிய தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. அம்மன்றத்தின் சார்பில் 1966இல் கோலாலம்பூரிலும், 1968இல் சென்னையிலும், 1970இல் பாரிசிலும், 1974இல் யாழ்ப்பாணத்திலும், 1981இல் மதுரையிலும், 1987இல் மீண்டும் கோலாலம்பூரிலும், 1989இல் மொரீசியசிலும், 1995இல் தஞ்சாவூரிலும் மாநாடுகள் நடந்தன. தமிழைக் கற்ற பிறநாட்டாரும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோரும் ஒருவர் ஆய்வை மற்றவர் கேட்டுத் திருத்திக்கொள்ளும் அவையாகவே அடிகளார் அதனைக் கருதினார்.

2004இல் நடுவணரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தபின், அடுத்த மாநாட்டைக் கோவையில் கூட்டத் தமிழக அரசு விழைந்தது. அப்போது மன்றத்தின் தலைவராக இருந்த சப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா, முறையான ஆய்வு மாநாட்டிற்கு இன்னும் கூடுதலான காலம் வேண்டும் என்றார். ஆகவே அது மன்றத்தின் ஒன்பதாம் மாநாடாக அமையாமல், அரசே நடத்திய செம்மொழி மாநாடாக அமைந்தது. இலங்கையில் போர் முடிந்து ஓராண்டே கழிந்திருந்த நிலையில் விழா எடுப்பது தகுமா என்ற வினாவும் அன்று தமிழர் பலரிடையே எழுந்தது. பெருவிழாக்களைப் பற்றி எழுதுவோர் இவ்விரு செய்திகளையும் மறைத்தல் நேர்மையாகாது.

கொடிசியா வளாகத்தில் குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் மாநாட்டைத் தொடங்கி வைத்தார். ‘இனியவை நாற்பது’ என்னும் பெயரில் அலங்கார ஊர்திகள் அணிவகுத்தன. பிறப்பினால் மக்களுள் வேற்றுமையில்லை என்னும் வள்ளுவரின் கருத்தையே மாநாடு தன் முழக்கமாகக் கொண்டது. பொதுமக்கள் இலட்சக்கணக்கில் திரண்டனர். எனினும் நம் நோக்கில் மாநாட்டின் உயிர்நிலை ஊர்வலத்தில் இல்லை, ஆய்வரங்குகளிலேயே இருந்தது.

அங்குக் கலைஞர் மு. கருணாநிதி செம்மொழித் தமிழ் விருதினையும் அதற்குரிய 10 இலட்சம் ரூபாயையும் பெற்றவர் பின்லாந்து நாட்டின் பேராசிரியர் அஸ்கோ பர்ப்போலா. சிந்துவெளி எழுத்துகளுக்குத் திராவிட மொழியின் துணைகொண்டு பொருள் காண முயன்று, வாழ்நாளின் பெரும்பகுதியை அதிலே செலவிட்டவர் அவர். சிந்துவெளி முத்திரைகளில் மீன் வடிவம் அடிக்கடி வருகிறது. தமிழில் ‘மீன்’ என்பது நீர்வாழ் உயிரையும் குறிக்கும், வானத்து விண்மீனையும் குறிக்கும். இவ்விருபொருளை அறிந்த ஒருவருக்கே அம்முத்திரையில் வேறொரு பொருளைத் தேடத் தோன்றும். ஹெல்சிங்கியில் பணிபுரிந்த ஓரறிஞர் தமிழ்ச் சொல்லொன்றின் இருபொருளைக் கொண்டு ஐயாயிரம் ஆண்டுப் பழமையை வினவுகிறார். அவர் கூறும் விடையை ஏற்பாரும் மறுப்பாரும் அறிஞருள் உளர். ஆயினும் அந்த வினா தமிழுக்குக் கிடைத்த பெருமதிப்பு. பண்பாட்டு உரையாடலுக்கு அதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா.

மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். 1995இல் தஞ்சை மாநாட்டிற்கு வந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி உள்ளிட்ட இலங்கை அறிஞர் சிலர், அரங்கினுள் செல்ல இயலாமல் திருப்பியனுப்பப்பட்டனர். அதே சிவத்தம்பி 2010இல் கோவை மேடையில் அமர்ந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட கதவு ஒன்று அன்று திறந்தது என்பதை நினைவிற்கொள்ளல் நன்று.

விழா கலைந்தபின் எஞ்சியவை எவை? மாநாட்டோடு இணைந்து நடந்த தமிழ் இணைய மாநாட்டின்போது, கணினித் தமிழுக்கு ஒருங்குறியைத் தரமாக ஏற்பதாகத் தமிழக அரசு அறிவித்தது. அன்று அறிவிக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா நெடுங்காலம் காத்திருந்து, 2025 நவம்பரில் காந்திபுரத்தில் திறக்கப்பட்டது. பூங்காவைக் கண்ணாற் காண்கிறோம்; எழுத்துருத் தரமோ கண்ணுக்குப் புலப்படாமலே ஒவ்வொரு கைப்பேசியிலும் பணிசெய்கிறது. ஆரவாரமின்றி முடிவான ஒன்று அனைவருக்கும் பயன்படுவதை இதில் காண்கிறோம்.

ஆயிரம் மசலா கற்பிப்பது

கூடல்களின் பயனைப் பற்றிப் பேசுகையில், நம் முன்னோர் தந்த நூலொன்று நினைவுக்கு வருகிறது. முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் பழமையானது வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிரம் மசலா. 1572இல் இயற்றப்பெற்று மதுரையில் அரங்கேறியதாகக் கூறப்படும் அந்நூலின் பெயரிலுள்ள ‘மசலா’ என்பது வினா எனப் பொருள்படும் அரபுச் சொல்லாகும். யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு சலாம், பெருமானார் (ஸல்) அவர்களிடம் வினாக்களைத் தொடுக்கிறார், பெருமானார் விடையளிக்கிறார்கள். நூல் முழுதும் இவ்வாறே செல்கிறது.

இந்நூலின் அரபு மூலம் உலகைச் சுற்றிய கதை வியப்பூட்டுவது. 12ஆம் நூற்றாண்டில், 1143ஆம் ஆண்டளவில், ஐரோப்பாவில் அது இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. பாரசீகத்திலும் மலாயிலும் சாவக மொழியிலும் தமிழிலும் உருப்பெற்றது. தமிழ், மலாய், சாவக வடிவங்களை ஒப்பிட்டு ரோனித் ரிச்சி என்னும் யூதப் பெண்மணி எழுதிய ஆய்வு நூல் 2011இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. வங்காள விரிகுடாவின் இரு கரைகளிலும் வாழ்ந்த முஸ்லிம்களை ஒரே இலக்கிய உலகத்தினராக இணைத்தது மொழிபெயர்ப்பே என்பது அவர் காட்டும் முடிவு.

இலத்தீனில் அந்நூலைப் பெயர்த்தவர்கள் இஸ்லாத்தை மறுக்கும் நோக்கத்துடனேயே அதனைச் செய்தனர். தமிழ்ப் புலவரோ அன்பினால் பெயர்த்தார். நோக்கம் வேறாயினும், மாற்றாரை அறிய வேண்டுமாயின் அவர் நூலைத் தம் மொழியில் படித்தாக வேண்டும் என்பதில் இருசாராரும் ஒன்றுபட்டனர். மேடையிற் பேசும் பேச்சு காற்றோடு போய்விடும். மொழிபெயர்ப்பு நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கும். வினவும் துணிவும் விடையைச் செவிமடுக்கும் பொறுமையும் பெயர்த்தெழுதும் உழைப்பும் கூடும்போதே உரையாடல் நிறைவுறுகிறது.

காயம்பட்ட நகரம்

இக்கருத்தைக் கோவையில் வைத்துப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. 1997 நவம்பர் இறுதியில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட கலவரத்தில் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14 அன்று நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்டனர். அவற்றின்பின் நெடுநாள் வரை, ஒரே தெருவில் கடை வைத்திருந்தோரிடையேயும் பேச்சு அற்றுப்போனது. ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே மனிதரைப் பல கிளையினராகப் படைத்ததாக இறைவன் ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயத்தில் உணர்த்துகிறான். அவ்வறிமுகம் அற்றுப்போகும் இடத்தில் அச்சம் குடியேறும் என்பதற்குக் கோவை ஒரு பாடம். இந்நகரில் பல சமயத்தாரும் ஓரவையில் அமர்ந்து ஒரு நூலைப் பற்றிப் பேசுவது பொழுதுபோக்கன்று. உக்காழின் போர்விலக்கிய மாதத்தைப்போல உயிர்காக்கும் ஏற்பாடாகும்.

அத்தகைய அவைகள் இந்நகருக்குப் புதியனவும் அல்ல. 1971இல் கோவையில் தோன்றிய ‘வானம்பாடி’ இதழைச் சூழ்ந்து எழுந்த புதுக்கவிதை இயக்கம் தமிழகமெங்கும் பரவியது. அவ்வியக்கத்தைச் சேர்ந்த புவியரசு, காசி நஸ்ருல் இஸ்லாமின் வங்கக் கவிதைகளைத் தமிழாக்கி, 2007இல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசினைப் பெற்றார். பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சிற்பி பாலசுப்பிரமணியம் மலையாளத்தின் ‘அக்னிசாட்சி’ நாவலைத் தமிழுக்குத் தந்தார். வானம்பாடிக் கவிஞர்களோடு வைத்துப் பேசப்படும் கவிக்கோ அப்துல் ரகுமான், உருதுவின் கஸல் வடிவத்தையும் சப்பானின் ஹைக்கூவையும் தமிழ்க் கவிதையில் பயிற்றினார். கணவாய் வழியே பண்டம் வந்த நாட்டில் கவிதையும் அவ்வாறே வந்து சேர்ந்தது.

செம்மொழி மாநாடு நடந்த அதே 2010ஆம் ஆண்டில் வேறொரு கூடலும் கோவையில் தொடங்கியது. எழுத்தாளர் ஜெயமோகனின் வாசகர்கள் அமைத்த விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம், ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில் மூத்த படைப்பாளி ஒருவருக்கு விருதளித்து விழா எடுத்து வருகிறது. 2013இல் இலங்கை மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பும், 2017இல் மலேசிய எழுத்தாளர் சீ. முத்துசாமியும் அவ்விருதைப் பெற்றனர். பிறமொழிப் படைப்பாளிகளும் விருந்தினராக அழைக்கப்படுகின்றனர். எழுத்தாளரை வாசகர் நேர்நின்று வினவ, அவர் விடையிறுக்கும் அமர்வுகளே அவ்விழாவின் சிறப்பு. அரசின் பந்தலும் ஊர்திகளும் அங்கில்லை. ஒரு மண்டபமும் படித்துவிட்டு வரும் சில நூறு பேருமே உள்ளனர்.

2019இல் அவ்விருது கவிஞர் அபிக்கு வழங்கப்பட்டது. போடிநாயக்கனூரில் பிறந்த ஹபிபுல்லாவே அபி. 1974இல் வெளிவந்த ‘மௌனத்தின் நாவுகள்’ முதலாகக் காலத்தையும் மௌனத்தையும் பாடுபொருளாக்கிக் குறைவாகவே எழுதியவர். நம் இல்லங்களில் அவர் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்? ஒரு முஸ்லிம் கவிஞரின் ஆழத்தைப் பிறர் தேடிக் கண்டு கொண்டாடியபின், நாம் அவர் நூலைத் தேடும் நிலை நேர்ந்தது. இஃது அவர்கள் பெருந்தன்மையைக் காட்டுகிறது. நம் வாசிப்பின் குறையையும் காட்டுகிறது.

நம் பங்கு

இங்கு நம்மை நோக்கியே சில சொல்ல வேண்டியுள்ளது. 1968 மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட சிலைகளுள் வீரமாமுனிவரும் போப்பும் கால்டுவெல்லும் இடம்பெற்றனர். உமறுப் புலவர் இடம்பெறவில்லை. இதனை எண்ணி வருந்துவோர் நம்மிடையே உளர். அவ்வருத்தத்தில் நியாயமும் உண்டு. 1973இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கி, 1978இல் காயல்பட்டினத்திலும், 1979இல் கொழும்பிலும், 1990இல் கீழக்கரையிலும், பின்னர் 2011இல் கோலாலம்பூரிலும் நாம் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகளைக் கூட்டினோம். அவை வீண்போகவில்லை. மறைந்து கிடந்த நூல்கள் வெளிவந்தன. இலங்கையைச் சேர்ந்த பேராசிரியர் ம.மு. உவைஸ், பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றுத் தொகுதிகள் அவ்வெழுச்சிக் காலத்தின் கொடை. ஆயினும் அம்மாநாடுகளில் பெரும்பாலும் நாமே பேசினோம், நாமே கேட்டோம், நம் பெருமையை நாமே பாராட்டிக் கலைந்தோம். நம்மை வினவுவதற்குப் பிறரை அழைத்தது குறைவு.

நம் முன்னோடிகள் சிலர் வேறு வழியில் நடந்து காட்டியுள்ளனர். சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கிய மு.மு. இஸ்மாயில், கம்பராமாயணத்தில் தோய்ந்து, வாலி வதம் பற்றி ‘மூன்று வினாக்கள்’ என்றே பெயரிட்டு நூல் எழுதினார். சென்னைக் கம்பன் கழகத்தின் தலைமையும் அவரைத் தேடி வந்தது. தம் தீனில் உறுதியாக நின்றுகொண்டே பிறர் காப்பியத்தின் நுட்பத்தை அவர்களுக்கே எடுத்துரைத்தவர் அவர். சென்னைப் பல்கலைக்கழக அரபுத் துறையைச் சேர்ந்த முஹம்மது யூசுப் கோகனும், பின்னர் அதே துறையின் ஜாகிர் உசேனும் திருக்குறளை அரபியில் பெயர்த்தனர். மறுபுறத்தில், டேவிட் ஷுல்மன் போன்ற பிறநாட்டறிஞர் தமீம் அன்சாரி மாலையைப் படித்துக் கட்டுரை எழுதினர். வசுதா நாராயணன் சீறாப்புராணத்தை ஆராய்ந்தார். நம் நூல்களைத் தேடிவந்து வினவுவோர் இல்லாமல் இல்லை என்பதற்கு இவை சான்று.

இவர்களுக்கு நம் நூல்கள் எளிதிற் கிடைக்கின்றனவா? அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் நூல்கள் பல, பழைய அச்சிலும் கையெழுத்திலுமாக வீட்டுப் பெட்டிகளில் உறங்குகின்றன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் காலத்தில் பெண்மக்களும் ஓதிப் பயன்பெற்ற எழுத்துமுறை அது. இன்று அதனைப் படிக்கவல்லோர் அருகி வருகின்றனர். இந்நூல்களைத் தமிழெழுத்தில் பெயர்த்து, உரையும் சொற்பொருளும் சேர்த்து, ஒருங்குறியில் ஏற்றுவது நம் கல்லூரிகளும் ஜமாஅத்துகளும் செல்வர்களும் சேர்ந்து செய்யத்தக்க பணி. 2023 முதல் சென்னையில் தமிழக அரசு நடத்திவரும் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி, தமிழ் நூல்களைப் பிறமொழிகளிற் பெயர்க்க நல்கை வழங்குகிறது. சீறாப்புராணத்தின் தேர்ந்த பகுதிகளையோ, நம் காலச் சிறுகதைகளையோ அத்தகைய வாயில்களுக்கு நாம் எடுத்துச் செல்ல வேண்டும். அடுத்துக் கூட்டும் நம் மாநாட்டில் ஓரமர்வையேனும் பிறர் வினவுவதற்கென ஒதுக்கலாம். வைணவ அறிஞர் ஒருவரும் கிறித்தவ அறிஞர் ஒருவரும் நம் நூலைப் படித்துவந்து ஐயங்களைக் கேட்கட்டும். அவர்கள் கூடல்களுக்கு நாமும் அவர்தம் நூலைப் படித்துவிட்டே செல்வோம்.

உக்காழ்ச் சந்தை நின்று போய்ப் பல நூற்றாண்டுகள் ஆயின. சவூதி அரசு 2007இல் அதே இடத்தில் அதனைப் புதுப்பித்துக் கவிதை விழா எடுத்தது. கொடிசியாப் பந்தலும் பிரிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன; அவ்வளாகத்தில் இப்போது புத்தகத் திருவிழா கூடுகிறது. பந்தல்கள் எழும், கலையும். அப்துல்லாஹ் இப்னு சலாம் தொடுத்த வினாக்களோ பல மொழிகளில் இன்றும் படிக்கப்படுகின்றன. கோவையின் அடுத்த புத்தகத் திருவிழாவிற்குச் செல்லும் நம் இளைஞர், தமக்குப் பழகிய கடையோடு நில்லாமல், தாம் இதுவரை அறியாத ஒரு சமயத்தின் அல்லது ஒரு நாட்டின் நூலொன்றை வாங்கிவரட்டும். நம் நூலொன்றை அண்டை வீட்டாருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கட்டும். படித்தபின் அவர் ஏதேனும் வினவினால், அன்றே ஓர் இலக்கியக் கூடல் தொடங்கிவிட்டது.